கயல் தொடாத கேழ்வரகு அடை

ஆடி 5, திங்கள்
நல்ல வெயில். துணி பத்து மணிக்கே காய்ந்துவிட்டது. எடுக்கவில்லை.
கயலின் பள்ளியிலிருந்து போன். இரண்டாம் வகுப்பு டீச்சர். "டிபனைத் தெனம் குப்பைத் தொட்டில கொட்டிடறா மேடம். கேழ்வரகு அடை, கீரை, எல்லாம் நல்ல சாப்பாடு. ஒரு வாய்கூட சாப்பிடறதில்ல."
சரி என்றேன்.
வாங்க வேண்டியது: கேழ்வரகு மாவு, பேரீச்சை, பினாயில்.

ஆடி 6, செவ்வாய்
ஆஸ்பத்திரி. கயலுக்கு ரத்தம் குறைவு. எடையும். படிவத்தில் பெற்றோர் கல்வி, வேலைக்கு ஒரு கட்டம். தகப்பன்: டிப்ளமோ. தாய்: எம்.எஸ்சி., ஊட்டச்சத்து, கல்லூரி ஆசிரியை.
நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "காலேஜ்ல இதத்தான் பாடம் எடுக்கறீங்களாம்மா?"
ஆமாம். அவமானமாக இருந்திருக்க வேண்டும். மின்விசிறியில் ஒட்டடை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி 7, புதன்
பக்கத்துப் போர்ஷன் செல்வி வந்தாள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள், பட்டுத்தறிக்குப் போகிறாள்.
"தப்பா நெனைக்காதீங்கக்கா. கயலு சாயந்தரத்துல எங்க வூட்ல ரெண்டு வாய் சாப்ட்டுக்கினுதான் இருக்குது. கருவாட்டுக் கொழம்பு, பழையது, எது குடுத்தாலும். உங்க வூட்டு சாப்பாடுன்னாதான் பயமாம்."
"பயமா?"
"பாப்பா செத்ததுக்கு அதான் காரணம்னு சொல்லுதுக்கா."
செல்வி அழுதாள். நான் அழவில்லை.

மாசியில், எட்டாம் மாதம், பாப்பா வயிற்றிலேயே இறந்தது. அதுவரை அட்டவணை போட்டுச் சாப்பிட்டேன். கேழ்வரகு, கீரை, பேரீச்சை. "பாப்பாவுக்கு நல்லது, உனக்கும் நல்லது" என்று கயலுக்கும் ஊட்டினேன். துக்கம் கேட்க வந்த யாரோ கூடத்தில்: "எவ்ளோ படிச்ச பொண்ணு. பாத்துப் பாத்து சாப்ட்டுச்சே. கடசில என்னா ஆச்சு?" கயல் அங்கேதான் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடி 8, வியாழன்
லீவு போட்டேன். மேகமூட்டம். கயலையும் பள்ளிக்கு அனுப்பவில்லை.
செல்வி சொன்னது நிஜமா என்று கேட்டேன். ஆமென்று தலையாட்டினாள்.
"பாப்பா ஏன் செத்துச்சுன்னு டாக்டருக்கே தெரியலடா. சாப்பாட்டால இல்ல."
"ஒனக்குமா தெரியாது? நீ டீச்சராச்சே."
"எனக்கும் தெரியாது."
"அப்ப நீ ஏன் அத சாப்டறதில்ல?"
மாசிக்குப் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. இவளுக்கு மட்டும் செய்து டப்பாவில் அடைத்திருக்கிறேன்.
மதியம் இரண்டு அடை சுட்டு, அவள் எதிரில் உட்கார்ந்து தின்றேன். ருசி தெரியவில்லை. உப்பு போட்டேனா என்பதும். கண் கொட்டாமல் பார்த்தாள்.
"வயிறு வலிக்குதாம்மா?"
"இல்ல."
"நாளைக்கிப் பாத்துட்டு நான் சாப்டறேன்."

ஆடி 9, வெள்ளி
விடிந்ததும் கண் திறந்தால் முகத்துக்கு நேரே அவள் முகம். எப்போதிருந்து உட்கார்ந்திருந்தாளோ.
"எழுந்துட்ட" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் பாதி அடை போதும்."