பட்டை கிழியாத வெட்டு

ஒக்டோபர் 4, சனி

காலையிலிருந்து மழை. பூங்காவில் கிளை கழிக்கிற வேலை இன்றைக்கு இல்லை. பால், முட்டை வாங்க வேண்டும். சப்பாத்து காயவில்லை.

மகன் டேவிட் படம் அனுப்பியிருக்கிறான். மேற்குக் கரையில் ஒரு குன்று. சபை வாலிபர்கள் திராட்சை ஆயத்தான் அங்கே போனார்கள். பக்கத்தில் நீளக் கிருதாவோடு, குன்றில் கொட்டில் போட்டுக் குடியேறின யூதப் பெடியள். இவன் வயதுதான். ஆண்டவர் தங்களுக்கே தந்த நிலமாம். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பின்னால், அடிவாரத்து அரபு ஊர்க்காரரின் ஒலிவ மரங்கள், கிளையெல்லாம் தறிபட்டு மொட்டையாக.

ஆர் தறித்தது என்று கேட்டேன். அந்தப் பெடியளாம். தான் பார்த்துக்கொண்டு நின்றதாம்.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். எல்லா வெட்டும் சிலும்பு சிலும்பாக. இடப்பக்கத்து மூன்று மரத்தில் மட்டும் சுத்தம். முதலில் அடியில் ஒரு சின்ன வெட்டு, பிறகு மேலிருந்து. அப்படி வெட்டினால்தான் பட்டை உரியாது. போன கோடை விடுமுறையில் டேவிட்டை வேலைக்குக் கூட்டிப்போய் நான் பழக்கினது. கிளை அரிகிற வாளும் நான் கொடுத்தது, திராட்சைக் கொடி கழிக்க உதவும் என்று.

கெட்டுப் போய்விடுவான் என்று பயந்து அவனைச் சபைக்குக் கூட்டிப்போனதும் நான்தான்.

மன்னாரில் எங்கள் காணியில் இப்போது வேறு ஆக்கள். அதைச் சொல்லித்தானே இந்த நாட்டில் இருக்க இடம் கேட்டேன்.

ரஞ்சிக்குச் சொல்லவில்லை. தாய் மனசு தாங்காது. அதுவும் ஒரு சாட்டு.

ஒக்டோபர் 5, ஞாயிறு

தூறல். சபையில் சாட்சி நேரம். பாஸ்டர் மைக்கை என் கையில் தந்தார். பிள்ளையை ஊழியத்துக்கு அனுப்பின தகப்பன் சொல்லத்தான் வேண்டுமாம். ட்ராமில் வரும்போது யோசித்து வைத்தது வேறு. முன் வரிசையில் ரஞ்சி, புதுச் சேலை, கலங்கின கண்.

"மகன் சுகமா இருக்கிறான். ஜெபிச்சுக்கொள்ளுங்கோ."

அல்லேலூயா. கைதட்டல். நானும் தட்டினேன். கோழை.

பிறகு ரோல்ஸ், தேத்தண்ணி. இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். வெட்கம் கெட்ட வயிறு.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வெயில். வேலையில் ஒரு லிண்டன் கிளை. எங்கேயோ நினைவு, மேல்வெட்டை முதலில் வைத்துவிட்டேன். பட்டை அடிமரம் வரை உரிந்து தொங்கியது. பழகுகிறவன்கூட விடாத பிழை. சுகமில்லையா என்று முதலாளி கேட்டான். ஓம் என்றேன்.

பின்னேரம் டேவிட் அங்கிருந்து போன் எடுத்தான். ரஞ்சி கடைக்குப் போயிருந்தாள். கேட்டேவிட்டேன்.

"இடப்பக்கத்து மூண்டும் நீதானே, தம்பி?"

மறுப்பான், கோபிப்பான், அழுவான். எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன்.

"ஓம் அப்பா" என்றான், மெல்ல. பிறகு அவன் குரலில் ஒரு சந்தோஷம்.

"படத்தில தெரியுதோ? ஒண்டிலயும் பட்டை கிழியேல்லை."