தாய்ப் பக்கத்தில் ஒரு வரி

மார்ச் 5

அன்புள்ள நெட்டச்சிக்கு,

புது வேலை பிடித்திருக்கிறதா? வீடு கிடைத்ததா? ஆபீஸ் மெயிலை விசாரணைக் குழு படிக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இறந்துவிட்டாள். அவள் உடம்புக்கு ஆகாத ஊசி. கம்ப்யூட்டரில் நாம் எழுதிய மருந்துப் பக்கத்தின் உச்சியில் வரவேண்டிய சிவப்பு எச்சரிக்கை வரவில்லை, நர்ஸ் போட்டுவிட்டாள். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான நம் தாய்ப் பக்கத்தில் யாரோ அதை மறைத்திருக்கிறார்கள். நாற்பது பிள்ளைப் பக்கங்களும் அதிலிருந்துதானே வாங்கிக்கொள்கின்றன, ஒன்றில்கூட இல்லை.

எச்சரிக்கையைத் தனித் துண்டாக எழுதி, வேண்டிய பக்கத்தில் மட்டும் செருகுவோம் என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். ஒரு பக்கத்தில் செருக மறந்தால் ஆள் போய்விடும் என்று நான்தான் முரண்டுபிடித்தேன். இப்போது பார்த்தாயா? சோறு இறங்கவில்லை எனக்கு.

உன் முசுடு

மார்ச் 11

என் செல்ல முசுடுக்கு,

படித்துப் பதறிப்போனேன். நான் அன்றே சொன்னேனே என்று குத்திக்காட்ட மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

யார் கைவைத்தது என்று தோண்டாதே. நம் மூன்று பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, பெயர் எப்படித் தெரியும்? அமைப்பிலேயே கோளாறு என்று சொல், விட்டுவிடுவார்கள்.

என்றும் உன் நெட்டச்சி

மார்ச் 16

நெட்டச்சி,

பதிவில் பெயர் இல்லைதான். நேரம் இருக்கிறது. பிப்ரவரி 28, மாலை 4.10. உன் கடைசி நாள். மூன்றாவது ஆள், நம் டெஸ்டர், லீவு. நான் உனக்குக் கேக் வாங்கக் கீழே போயிருந்தேன். அறையில் நீ மட்டும்.

குழு என்னைத்தான் சந்தேகிக்கிறது. அது போகட்டும். நீயே குழுவுக்கு எழுதிச் சொல்லிவிடுடி. உன் வாயால் வந்துவிட்டால், காட்டிக்கொடுத்த பாவம் எனக்கு வராது.

முசுடு

மார்ச் 21

முசுடு,

ஆமாம், நான்தான். பில்லில் அந்தச் சிவப்பு அச்சாகிறது, இன்றே எடுங்கள் என்று கேஷியர் வந்து நின்றார். பில் பக்கத்தில் மட்டும் எடுக்க நேரமாகும். தாய்ப் பக்கத்தில் ஒரே வரி. உன் மேல் ஆத்திரமும் இருந்தது. ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட என் பேச்சு உன்னிடம் எடுபட்டதில்லை. ‘அவ தாய்ப் பக்கம்தானே, அவளே திட்டு வாங்கட்டும்’ என்று தட்டிவிட்டேன். மருந்துப் பக்கம் சத்தியமாக நினைவுக்கு வரவில்லை.

என் மகளுக்கு நான் ஒருத்திதான். வேலை போனால் நடுத்தெருதான். உன் காலில் விழுகிறேன், சொல்லிவிடாதே.

நெட்டச்சி

மார்ச் 27

நெட்டச்சி,

நேற்று குழுவிடம் சொல்லிவிட்டேன். தாய்ப் பக்கம் என் முடிவு, அந்த வரி உன்னுடையது, இரண்டையும் சொன்னேன். உன் கடிதத்தையும் கொடுத்தேன். என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். உனக்கும் தபால் வரும்.

இறந்தவளின் கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் கைப்பை அவர் மடியில் இருந்தது. தாய், பிள்ளை, துண்டு என்று குழுவும் நானும் மணிக்கணக்கில் பேசியது எதுவும் அவருக்கு விளங்கவில்லை. நான் எழுந்து வரும்போது ஒன்று மட்டும் கேட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிறீங்களாம்மா?”

“கடிதம் எழுதிக்குவோம் சார்.”

அவர் அந்தக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இனி எனக்கு எழுதாதே.