நியூட்ரலில் விட்ட கார்

அன்புள்ள பிரேமினிக்கு,

கொழும்பில் நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? வட்டவளையில் மழை விட்டதா?

முதலாளி எனக்கு ஓட்டக் கொடுத்த சின்ன டீசல் கார் நல்ல வண்டி. லீட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீற்றர் ஓடும். மூன்றாம் கியரிலேயே நம்மூர் ஏற்றத்தை ஏறிவிடும். இங்கேதான் ஏற்றமே இல்லை.

போன செவ்வாய் மேம்பாலத்தில் இறங்கும்போது, ஹட்டன் ரோட்டில் டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிட்டேன். கார் வேகமெடுத்து முன்னால் நின்ற பஸ்ஸை உரசப் பார்த்தது.

"இது என்ன தோட்டத்து லொறியா? சாவியக் குடு" என்றார் பின்சீட்டில் இருந்த முதலாளி.

பயப்படாதே, வேலை போகவில்லை. இப்போது முதலாளியின் கராஜில் கார் கழுவுகிறேன். ஊரிலிருந்து யாராவது வந்தால் என் ரப்பர் சப்பாத்தைக் கொடுத்துவிடு. தண்ணீரில் நின்று கால் ஊறிப் புண்ணாகிவிட்டது. என் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டாம்.

கழுவியதும் காரை நிழலுக்குத் தள்ள வேண்டும். அதற்கு மட்டும் நியூட்ரலில் போட விடுகிறார்கள்.

கூப்பிடுகிறார்கள்.

வினோஜன்