மடித்து வைத்த தாள்

5-2-1947
ஐந்தாவது இன்டர்வியூவும் போயிற்று. பஞ்சுக் கம்பெனிக்காரன் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, "சட்டை யாருது?" என்று கேட்டான். இரவல் சட்டைதான். எப்படிக் கண்டுபிடித்தான் படுபாவி?

6-2-1947
அய்யாக்குட்டி மாமா வந்தார். உப்புக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகக் குமாஸ்தா. "மானேஜர்ட்ட சொல்லிருக்கேன் மருமவனே. வேல மட்டும் கெடைக்கட்டும், சித்திரையில வடிவ ஒனக்குக் கட்டிக் குடுத்துருதேன்." வடிவு அவருடைய ஒரே மகள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

10-2-1947
உப்புக் கம்பெனி இன்டர்வியூ. ஆறு பேரை வரிசையாக நிறுத்தினார் மானேஜர் அற்புதமணி. நாற்காலி அவருக்கு மட்டும். திக்கிப் பேசிய ஒருவனை, "நீ பேர் சொல்லி முடிக்கதுக்குள்ள கப்பல் கொழும்பு போயிரும்லே" என்றார். எல்லோரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். ஒருத்தன் குறைந்தானே.

பிறகு கையெழுத்துச் சோதனை. நின்றபடி எழுத வேண்டும். மாமா மைக்கூட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். மானேஜர் எனக்குச் சொன்ன வாசகம்: குமாஸ்தா அய்யாக்குட்டிக்கு, வயதாகிவிட்டபடியால் ஒன்றாம் தேதி முதல் உம்முடைய வேலை கம்பெனிக்குத் தேவையில்லை.

"சோதனைக்குத்தான், சும்மா ஒரு பேரு வேணும்லா? என்ன அய்யாக்குட்டி?"

மாமாவும் சிரித்தார். மைக்கூடு ஆடியது. என் கை ஆடவில்லை.

மற்றவர்கள் எழுதியதையெல்லாம் கசக்கிக் கூடையில் போட்டார். என்னுடையதை மட்டும் மடித்து டிராயரில் வைத்தார். மாமா மைக்கூட்டை மூடிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

11-2-1947
மாமாவிடம் சொல்லவா? சொன்னால் மானேஜரிடம் போய்ச் சண்டை போடுவார். பிறகு என் வேலை?

12-2-1947
சொல்லவில்லை.

1-3-1947
வேலையில் சேர்ந்தேன். மாமாவின் மேஜைதான். மாமா அந்தத் தாளோடு வாசலில் நின்றார். அதே தாள், அடியில் மானேஜர் போட்ட கையெழுத்து மட்டும் புதிது.

"முத்து முத்தா எழுதிருக்கியே மருமவனே."

அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். நான் என்ன செய்ய — நானா அவர நிப்பாட்டுனேன்? என் வயித்துப்பாட்ட எவன் பாப்பான்?

24-4-1947
வடிவை ஆறுமுகநேரியில் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். எனக்குப் பத்திரிகை இல்லை.

8-9-1949
கம்பெனிக்கு டைப் மிஷின் வந்திருக்கிறது. மேஜையில் தூக்கி வைத்ததே நான்தான். இன்று இன்டர்வியூ. பிலோமினா என்று ஒரு பெண் வந்தாள். என் நாற்காலியை அவளுக்குப் போடச் சொன்னார் மானேஜர். நான் நின்றுகொண்டு தாள் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

"வெரலப் பாத்தா மீன் அறுக்க வெரலாட்டம்லா இருக்கு. அடிச்சிருவியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாசகம் சொன்னார். ஒன்றாம் தேதி முதல் தேவையில்லை. பேர், என் பேர்.

"சும்மா ஒரு பேருக்கு. என்ன சிவசுப்பிரமணியம்?"

சிரித்தேன். பல் வலிக்கச் சிரித்தேன்.

அடித்து முடித்தாள். ஒரு பிழை கிடையாது. தாளை உருவிப் படித்துவிட்டு மடித்தார். கூடை அவர் காலடியிலேயே இருந்தது. டிராயரைத் திறந்தார். பிலோமினா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது ஒன்றும் சொல்லவில்லை.