அடியில் பெயரில்லாத கண்ணாடிக் கிண்ணம்

சேசு மரி சூசை துணை

மானிப்பாய்
9.3.1993

அன்புள்ள தம்பி லியோனுக்கு,

குருநகர் செபநாயகம் எழுதிக்கொள்வது. பெயரைக் கண்டதும் கடிதத்தைக் கிழித்துவிட வேண்டாம். கிழிப்பதென்றாலும் முழுதும் வாசித்துவிட்டுக் கிழியும்.

உமது தாயார் அருமைநாயகி அரியாலையில் உறவினர் வீட்டில் சுகமாக இருக்கிறார். போன ஞாயிறு பூசை முடிந்து சைக்கிளில் போய்க் கண்டேன். படலையில் நின்ற என்னைப் பார்த்து, "எட்டு வருசமா நீங்கள் வருவியள் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கேல்லை. வந்தபடியா இருங்கோ" என்றார். தேத்தண்ணீர் தந்து, கேட்டவுடன் உமது றொட்டர்டாம் விலாசத்தையும் எழுதித் தந்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தொண்ணூறில் கோட்டைச் சண்டையோடு குருநகரை விட்டு எழும்பிய நாங்கள் இப்போது மானிப்பாயில் இருக்கிறோம். நான், என் தங்கை லூர்த்தம்மா, அவளுடைய மகள் பெர்னடெட். மண்ணெண்ணெய் கிடையாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே எழுதி முடிக்கப் பார்க்கிறேன். எனக்குச் சலரோகம் முற்றி இடது காலில் புண். அந்தப் புண்ணால்தான் இந்தக் கடிதம் எழுத நேர்ந்தது.

எண்பத்தைந்தில் நீர் பெர்னடெட்டைக் கேட்டு, தாயாரோடு எங்கள் வீட்டுக்குக் கலியாணப் பேச்சுக்காலுக்கு வந்தீர். அவள் தகப்பனை இழந்த பிள்ளை என்றபடியால் தாய்மாமன் நான்தான் சபையில் இருந்தேன். நீர் கொண்டுவந்த கத்தரிப்பூ நிறக் கண்ணாடிக் கிண்ணத்தை எல்லோரும் என் கையில் தந்தார்கள். ஊரில் யார் வீட்டுக்குப் பீங்கான் வந்தாலும் என்னிடம் காட்டுவதுதானே வழக்கம். கொழும்புத் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்குத் தெரியாத வெளிநாட்டுச் சாமான் உண்டா என்ற எண்ணம் அவர்களுக்கு.

என்ன வேலை? பெட்டி எண்ணுகிற வேலை. ஒரு பெட்டியையும் திறந்து பார்த்தவனல்ல நான். கோப்பையைக் கவிழ்த்து, அடியில் உள்ள எழுத்தை வாசித்து, யப்பான் என்பேன், இங்கிலாந்து என்பேன். எழுத்துக் கூட்டத் தெரிந்த எவனும் செய்யக்கூடிய வித்தை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையாய் நான் இருந்தேன்.

உமது கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு சின்னக் கடதாசி ஒட்டியிருந்தது. எந்தக் கடையிலும் ஒட்டுகிற சீட்டு என்று நகத்தால் சுரண்டி எறிந்தேன். கவிழ்த்தேன். அடியைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது, எழுத்து ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குள்ளே குமிழ்கள். கழித்துவிட்ட சாமான் என்றேன். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது, கப்பலில் வேலை செய்தபோது ஹம்பேர்க்கில் அந்த நாட்டு மாலுமி ஒருவனிடம் வாங்கினது என்று நீர் மரியாதையாகச் சொன்னீர்.

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதைவிட்டு, "அடியிலை பேரில்லாத சாமானும் வேண்டாம், தகப்பன் பேரில்லாத பொடியனும் வேண்டாம்" என்றேன். உமது தாயார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பினார். நீர் அவருடைய கையைப் பிடித்து முற்றத்தைக் கடந்ததை இப்போதும் காண்கிறேன். சபையில் இரண்டொருவர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அன்று எனக்கு இனித்தது, தம்பி.

கிண்ணத்தைப் பெர்னடெட் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். இடம்பெயர்ந்தபோது, உந்தக் கிண்ணத்தை விட்டிட்டு வா என்று அதட்டினேன். சட்டி பானையை விட்டுவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தாள்.

போன மாதம் என் புண்ணைக் கழுவ ஆஸ்பத்திரியில் தொண்டு செய்கிற ஒரு வெள்ளைக்கார டொக்டரம்மா வீட்டுக்கு வந்தார். கை கழுவத் தண்ணீர் கொடுக்க வீட்டில் உடையாத ஏனம் வேறு இல்லை, பெர்னடெட் அந்தக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். டொக்டரம்மா என் காலை மறந்துவிட்டார். அவருடைய தகப்பன் வியன்னாவில் பழைய கண்ணாடி விற்றவராம். தண்ணீரை ஊற்றிவிட்டு, கிண்ணத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பாரம் பார்த்து, அடியைப் பெருவிரலால் தடவினார். கவிழ்த்தது கடைசியாகத்தான்.

பெர்னடெட் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் அல்லவா, ஒவ்வொரு வசனமாக எனக்குத் தமிழில் சொன்னாள். இது செக் நாட்டில் ஸ்கர்ட்லோவிட்சே என்ற ஊர்ப் பட்டறையின் வேலை போலிருக்கிறது. சத்தியம் பண்ண முடியாது, ஆனால் நிறமும் தடிப்பும் அப்படித்தான் சொல்கின்றன. குமிழ்கள் பிழையல்ல. வரிசையாக நிற்கின்றன, பாருங்கள், வேண்டுமென்று உள்ளே விட்டவை. அந்தப் பட்டறைக்காரர் பலவேளை அடியில் பெயர் வெட்டுவதில்லை, கடதாசிதான் ஒட்டுவார்கள். அந்தக் கடதாசி இருந்திருந்தால் சந்தேகமே வந்திராது.

குரல் மாறாமல் சொல்லி முடித்தாள். பிறகு, இது டொக்டர் சொன்னதல்ல என்று சொல்லி, "உந்தக் கிண்ணத்தை ஆர் செய்ததெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை, அம்மான். கொண்டுவந்த ஆளைத்தான் கேட்டனான்" என்றாள். எட்டு வருடத்தில் அவள் அதைப் பற்றிக் கதைத்தது அவ்வளவுதான்.

தம்பி, எனக்குக் கண்ணாடி தெரியாமல் போனது பெரிய பாவமல்ல. சபையில் சொன்ன அந்த வசனத்தை நீர் படலை திறக்கும் முன்பே நான் வாய்க்குள் வைத்திருந்தேன். கிண்ணம் பொன்னாலானது என்றாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் மன்னித்தார். ஆனால் சபையில் நான் கூனிக்குறுக வைத்தது அவரை அல்லவே. உமது தாயாரிடம் அரியாலையில் மன்னிப்புக் கேட்டேன். "அவனுக்கு எழுதுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

உமக்கு அங்கே குடும்பம் ஆகியிருக்கலாம். அதைத் தாயாரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்படியானால் மனைவி பிள்ளைகளோடு நீர் நீடூழி வாழ மாதாவை மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தை அடுப்பில் போடும்.

அப்படி இல்லையென்றால் ஒரு வரி எழுதும். நான் எழுதியது பெர்னடெட்டுக்குத் தெரியாது. நாளை கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் போகிற ஒருவர் இதைக் கொழும்பில் தபாலில் சேர்ப்பார். எனக்கு மறுமொழி வேண்டாம், அவள் பெயருக்கே போடும். உறையில் செல்வி பெர்னடெட் என்று எழுதினால் வந்து சேரும்.

உம்மிடம் மன்னிப்புக் கேட்கும்,
செபநாயகம்