மஞ்சள் மூடிய கோடு

கோகிலா புள்ள,

நீ இதைப் படிக்கப் போவதில்லை. ஆனாலும் ஆய்வகத்தில் நடந்ததை உன்னிடம்தானே சொல்லிப் பழக்கம்.

பாலைவனத்தில் காய்ந்து கெடாமல் கிடந்த பழங்கால உடல் ஒன்றின் தோல், நகத்தளவு, எங்கள் கல்லூரிக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? லேசர் ஒளி பட்டால் ஒவ்வொரு பொருளும் திரையில் தனக்கென ஒரு கோடு காட்டும். பழைய தோலின் கோட்டை இன்றைய தோலின் கோட்டோடு ஒப்பிட வேண்டும். அதற்கு ஆள் கிடைக்காத ஒரு வெள்ளிக்கிழமை, திருச்செங்கோட்டுக் கல்லூரிக்குச் சோறு கொண்டுவந்த உன் கையைப் பிடித்துக் கருவிக்கடியில் வைத்தேன்.

"ஏனுங்க மாமா, அந்தப் பொணத்துக்கும் எனக்கும் அழகுப் போட்டிங்களா?"

"ஆடாம இரு புள்ள."

"அவனாட்ட ஆடாம இருக்கோணும்னா நானுஞ் செத்தாத்தானுங்க ஆகும்."

சிரித்தோம். ஆடியில் காய்ச்சலென்று படுத்தாய். நாலாம் நாள் போய்விட்டாய்.

உன்னை எரித்த பிறகு உன் உடம்பில் மிச்சம் அந்த ஒரு கோடுதான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் பேராசிரியர் அதைப் பார்த்தார். யாருடைய கை என்று அவருக்குத் தெரியாது, எண் மட்டும்தான் போட்டிருந்தேன்.

"தம்பி, இதுல தோலே இல்லைங்க. முழுக்க மஞ்சள். அழிச்சுப்போட்டு வேற கையை அளந்துருங்க."

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காயும் களத்தில் வளர்ந்தவள் நீ. அந்த வெள்ளிக்கிழமையும் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருந்தாய். வேறு யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லியிருப்பேன். உன் கையில் அது எனக்குத் தெரியவே இல்லை. கட்டிய நாளிலிருந்து உன் நிறமே அதுதான் என்று இருந்துவிட்டேன்.

குளியலறையில் நீ உரசி மீதி வைத்த கிழங்கைக் கொண்டுபோய் அளந்தேன். அதன் கோட்டை உன் கோட்டிலிருந்து கழித்தேன். மூன்று நாள், விதவிதமாக. மிஞ்சியது எந்தப் பொருளையும் சொல்லாத வெறும் நடுக்கம். மஞ்சளின் ஒளி அவ்வளவு பெரிது, உன் தோல் கருவிக்கு எட்டவே இல்லை.

அந்தப் பழைய தோலின் கோட்டில் புரதத்தைக் காட்டும் மேடு இன்னும் தெரிகிறது. தேய்ந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. யாரென்றே தெரியாத ஒருவர் இருக்கிறார். நீ எங்கே புள்ள?

"ஒரு வாய் தின்னு சாமி" என்கிறாள் அம்மா. தின்கிறேன். ருசி தெரிவதில்லை. அழுகையும் வருவதில்லை.

நாளை என் கையை அளக்கப் போகிறேன். இன்றைய தோல் என்று அதுதான் பதிவாகும். யார் சொன்னாலும் உன் கோட்டை அழிக்க மாட்டேன். ஆனால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, இது நீதான் என்று இனி ஒருநாளும் என்னை ஏமாற்றிக்கொள்ளவும் மாட்டேன். அந்த ஒரு வாக்குதான் இப்போது என்னால் தர முடிகிறது.

உன்ர ஊட்டுக்காரன்,
செந்தில்