ஏழாம் நம்பர் பெட்டி

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அதனால் நான் நலம். நீயும் மச்சான் வீட்டில் எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. போனில் நீ "ம்" என்பாய், நான் "ம்" என்பேன், அதற்குள் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். நான்கு மாதமாக அப்படித்தானே நடக்கிறது. எழுதினால் நீ நடுவில் "ம்" போட முடியாது.

வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நானே வாஷர் மாற்றினேன், சட்டை முழுக்க நனைந்ததுதான் மிச்சம். உன் தையல் மெஷினைத் துடைத்து வாரம் ஒரு முறை எண்ணெய் விடுகிறேன். மாடி வீட்டு அம்மா உன்னை விசாரித்தார். உன் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மச்சானைக் கொஞ்ச நாளைக்கு இருமச் சொல்.

பட்டறையில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. கதவு நசுங்கிய வெள்ளைக் கார் ஒன்று வந்தது. நான் தட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்ததும், சொந்தக்காரருக்கே எந்தக் கதவு அடிபட்டது என்று தெரியவில்லை. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம ஆளு கை பட்டா அடி வாங்குனதே வண்டிக்கு மறந்துபோகும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் மச்சான் பேசினார். நம் சர்க்கஸ் பொம்மை ரயிலில் ஏழாம் நம்பர் பெட்டியை மட்டும் அனுப்பி வைக்கச் சொன்னாயாம். "அது என்ன மாப்ள பெட்டி, அதுக்கு நம்பர் வேற?" என்று கேட்டார். ஒட்டகச்சிவிங்கிப் பெட்டி என்றேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போனதிலிருந்து இந்த வீட்டிலிருந்து நீ எதையும் கேட்டதில்லை. மெஷினைக்கூடக் கேட்கவில்லை. இப்போது ரயில் பெட்டியைக் கேட்கிறாய் என்றால் ரயிலை நினைத்திருக்கிறாய், அப்படியே என்னையும் கொஞ்சம் நினைத்திருப்பாய் என்று கணக்குப் போட்டேன். பெட்டியைப் புதுசு போல ஆக்கி அனுப்ப வேண்டும், பிரித்ததும் உன் முகம் மலர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கல்யாணமான வருஷம், பழைய சாமான் கடையிலிருந்து சக்கரமில்லாத ஐந்து பெட்டிகளை ஒரு செருப்பு டப்பாவில் தூக்கி வந்தேனே, நினைவிருக்கிறதா? "வீட்ல கட்டிலே இல்ல, இவருக்கு ரயில் கேக்குது" என்றாய். மறுநாளே உட்கார்ந்து அதற்குக் கொடி தைத்தவளும் நீதான். நான் பலகை அறுத்தேன், பெயிண்ட் அடித்தேன். நீ கூடாரத் துணியும் கோமாளிக்குக் கால்சட்டையும் தைத்தாய். ஐந்து பெட்டி பதினொன்றானது. துணியில் நீ செய்த சிங்கம் நாய் மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்தபோது, நம் வாலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு உனக்காகச் சண்டைக்கு வந்தாள். "அது சிங்கம்தாம்ப்பா, இப்ப லீவுல இருக்கு" என்றாள். அப்போது அவளுக்கு நான்கு வயது.

ஏழாம் நம்பர் அவளுடைய பெட்டி. ஒட்டகச்சிவிங்கி கூரைக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அட்டைச் சுரங்கம் வந்தால் தலை இடிக்கும் என்று அவள் ஒவ்வொரு முறையும் ரயிலை நிறுத்தி அழுததால்தான் கழுத்தில் ஸ்பிரிங் வைத்தேன். அதன் பிறகு சுரங்கத்துக்கு முன்னால் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு "குனி, குனி, குனி!" என்று கத்துவாள். நாமும் சேர்ந்து குனிய வேண்டும், இல்லாவிட்டால் ரயில் கிளம்பாது.

மூன்று நாள் காய்ச்சலில் அவள் போனதிலிருந்து அந்த ரயிலை நான் தொடவில்லை. உனக்கு நான் செய்தது வேறு. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவள் செருப்பு, பள்ளிக்கூடப் பை, கலர் பென்சில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். அவள் பெயரை வீட்டில் எடுக்கவில்லை. கண்ணில் படாமல் இருந்தால் நீ தேறிவிடுவாய் என்று நினைத்தேன். நீ மூன்று மாதம் பொறுத்தாய். கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்களுக்குத் தேய்ச்சு மறைக்கத்தாங்க தெரியும். இது கார் இல்ல" என்றாய். எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் ஓரம் செய்தித்தாளை விரித்து ஏழாம் நம்பரை எடுத்து வைத்தேன். ஒரு சக்கரம் கோணியிருந்தது, சரி செய்தேன். கூரை ஆடியது, ஒட்டினேன். பச்சை மங்கிப் போயிருந்தது. இடது பக்க மூலையில் பெயிண்ட் சொரசொரவென்று கையில் தட்டுப்பட்டது. தட்டுப்பட்டால் நான் விடுவேனா? உப்புத்தாளை எடுத்தேன். முரட்டுத் தாளில் ஒரு சுற்று, நைஸ் தாளில் ஒரு சுற்று. நான்கு பக்கமும் மரம் தெரியும்வரை தேய்த்தேன். பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அதே பச்சையைக் கலப்பதற்காக நீ எழுதி வைத்த ரயில் நோட்டை எடுத்தேன். தேய்ப்பதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும். உன் கையெழுத்தில் இப்படி இருந்தது:

"ஏழு. ஒட்டகச்சிவிங்கிப் பெட்டி. பச்சை மூன்று பங்கு, மஞ்சள் ஒரு பங்கு. இரண்டாவது பூச்சு காய்வதற்குள் வாலு இடது மூலையில் விரலை வைத்துவிட்டாள். ரேகை அப்படியே விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேய்த்துச் சரி பண்ணிவிடுகிறேன் என்கிறார். தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன்."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. உனக்கு மறக்கவில்லை. அதனால்தான் பதினொரு பெட்டியில் இது ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறாய். நீ ரயிலைக் கேட்கவில்லை, என்னையும் நினைக்கவில்லை. அவள் விரலைக் கேட்டாய். நான் இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடியே தேய்த்துச் சரி பண்ணிவிட்டேன்.

அந்த மூலையைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் தேய்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியை ஜன்னல் வெயிலில் பிடித்து, மரத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவளை வழியனுப்பிய அன்று அழாததையும் சேர்த்து அழுதேன். மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து கதவைத் தட்டினார். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். என் பிள்ளை செத்துப்போச்சும்மா என்றேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. மாடி வீட்டுக் குழந்தைக்கு இப்போது வாலுவின் வயதுதான். பச்சை அடித்துவிட்டு அந்தக் குழந்தையின் விரலை வைக்கச் சொன்னால் உனக்குத் தெரியவா போகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பச்சையைக் கலக்கக்கூடச் செய்தேன். கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தபோது, வாசலில் நீ சொன்னது காதில் விழுந்தது. கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன்.

அதனால் பெட்டியை இருக்கிறபடியே அனுப்புகிறேன். பெயிண்ட் இல்லை, வெறும் மரம். ஒட்டகச்சிவிங்கி உள்ளே பஞ்சில் படுத்திருக்கிறது, எடுத்து நிறுத்தினால் நிற்கும். கழுத்து இன்னும் நன்றாகக் குனிகிறது. வண்ணம் பூச வேண்டும் என்றால் நீ பூசு, வேண்டாம் என்றால் அப்படியே இருக்கட்டும். என் கை இனி அதில் படாது.

பரணிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டேன். செருப்பை வாசலில் பழைய இடத்தில் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். பார்க்க முடியவில்லைதான். ஆனாலும் பார்க்கிறேன். ரயிலையும் எடுத்துத் தண்டவாளத்தில் நிறுத்தினேன். ஆறாம் நம்பரையும் எட்டாம் நம்பரையும் கொக்கி மாட்டிச் சேர்க்க மனம் வரவில்லை. நடுவில் ஒரு பெட்டி அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். வா என்று கூப்பிடும் யோக்கியதை எனக்கு இல்லை. இடம் இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் நான்காக மடித்த ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். அது குப்பை இல்லை. செய்தித்தாளில் விழுந்த பச்சைத் தூளை ஒரு துளி விடாமல் திரட்டி அதில் வைத்திருக்கிறேன். தேய்த்த உப்புத்தாள்களும் உள்ளேயே இருக்கின்றன. எந்தத் தூள் அவள் விரல் பட்ட இடத்துத் தூள் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால் மொத்தமாக அனுப்பியிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிடு.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா